பெரியசாமி கண்ணுல படாத பை

அந்தப் பச்சைப் பையை எடுங்க தம்பி. அது இல்லீங்க, அதுக்கு அடுத்தது. மஞ்சளை எதுக்கு எடுக்குறீங்க? மஞ்சளை முதல்ல உள்ள வைங்க, புண்ணியமாப் போகும். பாருங்க, என்ற கையைப் பாருங்க. நடுங்குதா? மஞ்சக் கலர்ல ஒரு பை கண்ணுல பட்டாப் போதும், இப்படித்தான் ஆகுது.

சிரிக்காதீங்க. சித்த நேரம் உக்காந்து கேட்டீங்கன்னா நீங்களும் நடுங்குவீங்க.

எம்பேரு குழந்தசாமிங்க. மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறை வச்சிருக்கேன். வெளிய சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு போன் பேசுதே, அது எம் பொண்ணு நிவேதிகா. அதுக்கும் ஒரு பை வேணும். எனக்கு முன்னால அதுக்குத்தான் பாக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை என்கூட மலைக்கு வருது. வேண்டாம் சாமின்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. "உங்களைத் தனியா விட முடியாதுப்பா, நானும் வர்றேன்"ங்குது. அதை நினைச்சாத்தான் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

எனக்கு இந்தச் சைக்கிள் ஆசையெல்லாம் இருந்ததே இல்லைங்க தம்பி. சக்கரை வந்துருச்சு, டாக்டரு சைக்கிள் ஓட்டுங்கன்னாரு. சரி, வீட்டுக்கும் பட்டறைக்கும் ஓட்டலாம்னு இருந்தேன். என்ற மச்சினன் பூபதி, எங்க ஊட்டுக்காரியோட தம்பி, அவன்தான் கெடுத்தான். "ரோட்டுல லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான் மாமா, மலைக்கு வாங்க, அங்க ஒரு பயமும் இல்லை"ன்னான். ஒரு பயமும் இல்லையாமா! கேட்டுக்கங்க.

நான் பயந்தாங்கொள்ளின்னு எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் பூராச் சொல்லும். பயந்தாங்கொள்ளி இல்லீங்க, எனக்கு முன்யோசனை சாஸ்தி. மலைன்னா என்ன வேணா நடக்கும். அதனால ஒரு பெரிய பையா வாங்கினேன். மஞ்சக் கலரு. தொலைஞ்சு போனாலும் தேடுறவங்க கண்ணுக்குத் தெரியணும்ல? அதுல டியூபு, பம்பு, ஸ்பேனரு, மழைக்கோட்டு, மாத்துத் துணி, டார்ச்சு, குளுக்கோசு, பாம்பு கடிச்சாக் கட்டத் துணி, தேள் கடிச்சாப் போடக் களிம்பு, எங்க ஊட்டுல கட்டிக் குடுத்த புளிசாதம். பூபதி பாத்துட்டு, "என்ன மாமா, மஞ்சப்பையைத் தூக்கிட்டுக் குடித்தனம் பண்ணவா போறீங்க?"ன்னான்.

அவன் வழி வேறைங்க. டியூபு, பம்பு, ஸ்பேனரெல்லாம் சைக்கிள் கம்பியிலயே ஒரு முக்கோணப் பை மாட்டி அதுக்குள்ள வச்சிருவான். தண்ணி பாட்டில் சைக்கிள்ல. அவன் உடம்புல இருக்கறது இடுப்புல ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். அதுல ஒரு மடக்குக் கத்தி, கொஞ்சம் கடலை மிட்டாயி. "கனத்தைச் சைக்கிள் சுமக்கட்டும் மாமா, முதுகு சுமக்கக் கூடாது. பைன்னா கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள கழட்ட வரணும்"பான். எனக்கு அது புடிக்காது. கழட்ட வர்ற பை எதுக்குங்க? கழண்டு போகாத பைதானே பை?

ஒரு தடவை ஒரு எறக்கத்துல நெஞ்சுப் பட்டையோட கிளிப்பு தானா வாயைப் பொளந்துருச்சு. பை ஒரு பக்கமா இழுத்து, நான் சைக்கிளோட தேயிலைச் செடி மேல போய் விழுந்தேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பிளாஸ்டிக் கிளிப்பை நம்பினா நம்ம கதி அதோகதிதான். பட்டறையில காயில் கட்டுற நூல்கயிறு இருக்குல்லீங்க, அதை எடுத்து நெஞ்சுக்கு நேரா முடிச்சுப் போட்டுட்டேன். தம்பி, என் முடிச்சைப் பத்தி நானே சொல்லக் கூடாது. மோட்டாரு எரிஞ்சு கரியாப் போயி வரும், காயில் கருகிக் கிடக்கும், நான் போட்ட முடிச்சு மட்டும் அப்படியே நிக்கும். அப்படி ஒரு முடிச்சு.

சரி, கதைக்கு வர்றேன்.

பலா சீசன்லதானுங்க. குன்னூர் ரோட்டுக்கு மேல ஒரு எஸ்டேட்டு. அங்கிருந்து ஓடை வழியாக் கீழ எறங்க ஒரு தடம் இருக்கு, ஒரு பக்கம் பாக்கு மரம், ஒரு பக்கம் மூங்கிலு. கிளம்பறப்பவே எங்க ஊட்டுல சொல்லியுட்டா, "மலைக்குப் போறீங்க, பலாப்பழம் இல்லாம ஊட்டுக்குள்ள வராதீங்க, எங்கம்மாவுக்கு வேணும்"னு. எஸ்டேட்டுல வேலை செய்யறவங்க வரிசையாக் குடியிருக்கற லைன் வீட்டுல ஒரு அம்மா பழத்தை அறுத்து வச்சு வித்துட்டிருந்துச்சு. நான் பாதிப் பழம் வாங்கினேன். வாசம்னா வாசம், அந்த லைன் பூரா மணக்குது. பூபதி அந்நேரம் அக்கட்ட குழாயில தண்ணி புடிச்சுட்டிருந்தான், இங்க பேசுனது எதுவும் அவன் காதுல விழுகல. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

அந்த அம்மா என்னையப் பாத்துச்சு, சைக்கிளப் பாத்துச்சு. "சார், பழத்தோட இப்பப் போவாதீங்க. பெரியசாமி கீழ ஓடைகிட்ட நிக்கிறாரு. பழத்தக் கண்டா விடமாட்டாரு"ன்னுச்சு.

நீங்களே சொல்லுங்க தம்பி. பெரியசாமின்னா யாருன்னு நினைப்பீங்க? எங்க பெரியப்பன் பேரு பெரியசாமி. எங்க பட்டறைக்குச் செம்புக்கம்பி போடுறவரு பெரியசாமி. நான் எஸ்டேட்டு வாட்ச்மேன்னு நினைச்சேன். கீழ கேட்டுல நின்னுக்கிட்டு, போறவன் வர்றவன் பையைப் புடிச்சுச் சோதனை போட்டு, தோட்டத்துப் பழம்னு புடுங்கிக்குவாராட்டிருக்குன்னு நினைச்சேன்.

"தனியாத்தான் நிக்கிறாராம்மா?"ன்னு கேட்டேன்.

"ஒத்தையிலதான் சார். அவரு குடும்பமெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு. ஒத்தையில இருந்தாத்தான் கோவம் சாஸ்தி."

அட பாவமே, பொண்டாட்டி புள்ளைக விட்டுட்டுப் போயிருச்சாட்ட இருக்குன்னு மனசுக்குள்ள வருத்தப்பட்டேன்.

"தண்ணிக்கு எறங்கியிருக்காரு. குடிச்சுட்டா அவருபாட்டுக்குப் போயிருவாரு. சித்த பொறுத்துப் போங்க."

குடிகார வாட்ச்மேன்! குடிச்சுட்டு இருக்கறப்பவே தாண்டிரலாம், குடிச்சு முடிச்சுட்டு வந்தா வம்பு வளப்பான்னு எனக்குத் தோணிருச்சு. அந்த அம்மா ஆனைன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கயே பாய் போட்டுப் படுத்திருப்பேன். சொல்லல. பொறகுதான் தெரிஞ்சுது, அந்தப் பக்கத்துல ஆனைய ஆனைன்னு சொல்ல மாட்டாங்களாம். பேரைச் சொன்னா வந்துருமாம். அதுக்குப் பெரியசாமின்னு வேற பேரு வச்சா, என்னையாட்டம் டவுன்காரனுக்கு என்னங்க தெரியும்?

பழத்தை என்ன பண்ணினேன்னா, பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு, மழைக்கோட்டுக்குள்ள சுருட்டி, பைக்கு அடியில, உள் ஜிப்புக்குள்ள வச்சேன். மேல மாத்துத் துணி. அதுக்கு மேல புளிசாதம். "கண்டா விடமாட்டாரு"ன்னுதான அந்த அம்மா சொல்லுச்சு? காணவே முடியாதபடி வச்சுட்டேன். பையை மாட்டி, நெஞ்சுல முடிச்சுப் போட்டு, இழுத்துப் பாத்தேன். கெட்டி.

பூபதி முன்னால போனான். நான் பின்னால. முதுகுல அந்தக் கனம் இருக்கறப்ப எறக்கத்துல எப்பவும் தலைகுப்புற விழுந்துருவமோன்னு ஒரு பயம். பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு விரலெல்லாம் மரத்துப் போச்சு. ஓடைச் சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. ஒரு வளைவுல பூபதி சைக்கிளை நிறுத்தி, ஒத்தைக் காலை ஊனிட்டு நிக்கிறான். என்னையத் திரும்பிப் பாத்து வாய் மேல விரலை வச்சான். அவன் மூஞ்சி வெளுத்துப் போய்க் கிடக்கு.

நான் என்ன நினைச்சேன்? வாட்ச்மேன் நிக்கிறாரு, இவனுக்குப் பேசத் தெரியல, பயந்துட்டான், பெரிய மனுசன் நாம பேசிச் சமாளிக்கலாம்னு நினைச்சேன். பெல்லை அடிச்சேன் தம்பி. அடிச்சுட்டுச் சத்தமாக் கூப்பிட்டேன். "பெரியசாமிண்ணே! ஏனுங் பெரியசாமிண்ணே! நம்ம பையில ஒண்ணுமில்லீங்கண்ணே, வெறும் துணிதானுங்!"

மூங்கிலு முறியற சத்தம் கேட்டுது.

எனக்கும் பூபதிக்கும் நடுவால, தடத்துக்குக் கீழ இருந்து ஒரு மேடு எந்திரிச்சு வந்துச்சு. மேடுன்னுதான் நினைச்சேன். அப்பறம் அதுக்குக் காது இருந்துச்சு. தம்பி, கோயில் ஆனையப் பாத்திருக்கோம், காசு குடுத்தாத் தலையில கை வைக்கும். அது வேறைங்க. இது என்னையப் பாத்துச்சு. நான் கூப்பிட்டேன்ல, பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்ல, யாருடா கூப்பிட்டதுன்னு பாத்துச்சு. தும்பிக்கையைத் தூக்கி இப்படி, என் பக்கம் நீட்டி நீட்டிக் காத்துல தடவுச்சு. மூத்திரம் போயிருச்சு, சொல்றதுக்கு வெக்கமில்ல. மொதல்ல எங்க ஊட்டுக்காரி மூஞ்சி நினைப்பு வந்துச்சு. அப்பறம் நிவேதிகா மூஞ்சி. சத்தியமாச் சொல்றேன், செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டேன்.

பூபதி அந்தப் பக்கம் இருந்து மெதுவாச் சொல்றான், "மாமா, பையைக் கழட்டிப் போடுங்க. போட்டுட்டுப் பின்னால நகருங்க."

நான் முடிச்சைப் புடிச்சேன். நகம் போட்டுப் பாத்தேன், எறங்கல. குனிஞ்சு பல்லுல கடிக்கலாம்னா நெஞ்சுக்குப் பல்லு எட்டல. ஒண்ணு சொல்றேன் தம்பி, அந்தப் பயத்துலயும் எனக்கு ஒரு ஓரத்துல பெருமையா இருந்துச்சு. என்ன முடிச்சுடா இதுன்னு.

"மாமா! அந்தப் பழத்த வீசுங்க மாமா!"ன்னு கத்துறான். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல, நான் சொல்லவே இல்ல. பாருங்க, உயிர் போற நேரத்துலயும் இவனுக்குப் பையோட கனத்தைப் பத்தித்தான் பேச்சு. எப்பவும் அதே பாட்டு, கனம் கனம் கனம்.

அது ஒரு எட்டு வச்சுது. பூபதி அந்தப் பக்கமே கீழ எறங்கிப் போயிருக்கலாம். அவனுக்கு வழி இருந்துச்சு. போகல. சைக்கிளைப் போட்டுட்டு, மேட்டுப்பக்கம் செடிக்குள்ள பூந்து சுத்தி என்கிட்ட ஓடியாந்தான். இடுப்புப் பையில கையை விட்டான், பாக்கக் கூட இல்ல, கத்தி கையில இருந்துச்சு. என் நெஞ்சுகிட்ட ஒரு அறுப்பு. பையைப் புடிச்சு உருவி அது முன்னால எறிஞ்சான். என்னையக் கட்டிப் புடிச்சுப் பக்கத்துக் காவாயில உருண்டான். நான் அவன் மேல விழுந்தேன். அவன் காரை எலும்பு முறியற சத்தம் என் காதுல கேட்டுது தம்பி, காய்ஞ்ச சுள்ளி ஒடியறாப்பல. அவன் கத்தல. என் வாயைப் பொத்திக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தான். கண்ணுல தண்ணி ஊத்துது.

மேல அது பையைக் கிழிக்குது. அந்தச் சத்தம் இருக்கே, துணி கிழியற சத்தம், ஜிப்பு தெறிக்கிற சத்தம், அப்பறம் சவக்கு சவக்குன்னு ஒரு சத்தம். எவ்வளவு நேரமோ. அப்பறம் தானாத் திரும்பிப் போச்சு. எங்களை ஏன்னு கூடக் கேக்கல.

எந்திரிச்சுப் பாத்தா, மஞ்சப் பை துண்டு துண்டாக் கிடக்கு. அந்தக் கலரு மேல அப்படி ஒரு ஆத்திரம் அதுக்கு! மழைக்கோட்டு நார் நாராப் போச்சு. புளிசாதத்தைத் தொடவே இல்ல, தள்ளிவிட்டிருக்கு. பலாப்பழம் தோலு கூட மிச்சமில்ல. அந்த ஆத்திரத்துல அதைக் கூட விட்டு வைக்கல பாருங்க.

அதுல இருந்துதான் இப்படிங்க. பட்டறையில யாராச்சும் மரப்பலகையை ஒடிச்சா நான் மேசைக்கு அடியில இருக்கேன். ஊட்டுல மஞ்சச் சேலை கட்டினா நான் வாசலுக்கு ஓடிர்றேன்.

பூபதி இப்பக் கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு ஊட்டுல இருக்கான். என்கூடப் பேசறதில்ல. "இனி மாமாகூட வாசப்படி கூடத் தாண்ட மாட்டேன்"னு அக்காகிட்டச் சொல்லியிருக்கான். ஆசுபத்திரியில ஒரே ஒரு வார்த்தை பேசினான், "எல்லாம் அந்தப் பழத்தால வந்தது மாமா"ன்னு. பழம் போன வருத்தம் அவனுக்கு இருக்கு. அதனாலதான் ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன். அதே லைன் வீட்டுல, அதே அம்மாகிட்ட, முழுப் பழமா வாங்கி, கொண்டாந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு, "மாப்ளே, மன்னிச்சுக்கடா"ன்னு சொல்லப் போறேன். உயிரைக் குடுத்துக் காப்பாத்துனவன்ங்க. அவன் பேசாம இருக்கறது எனக்குத் தாங்க மாட்டேங்குது. பயமாத்தான் இருக்கு. ஆனா போகாம இருந்தா இந்தப் பயம் என்னைய விடாது.

என்னங்க தம்பி, என்னமோ சொல்ல வர்றீங்க? வாசமா? என்ன வாசம்? பலாப்பழ வாசமா? அட, நீங்களும் பூபதியாட்டமே பேசுறீங்க. இது மழைத்தண்ணி புகாத பைன்னு நீங்கதான சொன்னீங்க? தண்ணியே உள்ள போகலைன்னா வாசம் எப்படி வெளிய வரும்? மெனக்கெட்டு யோசிச்சுத்தானுங்க வந்திருக்கேன். அந்த அம்மா சொன்னது "கண்டா". கண்ணுல பட்டது மஞ்சளு. பச்சையா இருந்தா செடியோட செடியாத் தெரியாமப் போயிரும். அவ்வளவுதான் விசயம்.

இந்தப் பச்சை நல்லா இருக்கு. அடியில எடம் இருக்கா? முழுப் பழம் புடிக்குமா? புடிக்கும் புடிக்கும். இதை எம் பொண்ணுக்குப் போடுங்க. எனக்கு அந்தக் கறுப்பு போதும். பச்சைதான் பத்திரம், அது அவ முதுகுல இருக்கட்டும். பழத்தையும் அவ பையிலயே வச்சிருவேன், எதுக்கும் பத்திரமான எடத்துல இருக்கட்டும். என்கிட்ட இருந்து எனக்குக் கை நடுங்குச்சுன்னா வம்பு.

நிவி! ஏஞ்சாமி, போனை வச்சுட்டு உள்ள வா. இந்த அண்ணன் பையெல்லாம் காட்டுறாரு.

இதை மாட்டு. என்னது? இடுப்புப் பையா? "பூபதி மாமாவாட்டம் சின்னது போதும்ப்பா"ங்குது, கேட்டீங்களா தம்பி? வேண்டாம் கண்ணு. அப்பன் சொன்னாக் கேளு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பன் உசுரோட இருக்க மாட்டேன். திரும்பு. தோள் பட்டையை இழுத்துக்க. கிளிப்பைப் போடாத, அதை நம்பாத. இரு, பாக்கெட்டுல நூல்கயிறு வச்சிருக்கேன், எப்பவும் இருக்கும். நேரா நில்லு சாமி. இப்படி ஒரு சுத்து. இப்படி உள்ள விட்டு, இப்படி வாங்கி.

இறுக்குதா? மூச்சு முட்டுதா? பழகிக்கும். பயப்படாத. அப்பன் கூடவே வர்றேன்ல, என்ன பயம்?

இழுத்துப் பாருங்க தம்பி. சும்மா இழுங்க, பலமா இழுங்க. வருதா? வராது. காயில்காரன் முடிச்சு. உயிரே போனாலும் அவுறாது.

ஏனுங் தம்பி, எதுக்குங்க இப்பக் கத்திரிக்கோலை எடுக்குறீங்க?